பத்து வருடத்துக்கு மேற்பட்டவை

மார்கழி பிறந்தால் கோயில்களில் விடியுமுன் பாட்டுப் போடுவார்கள். வேலாங்கரை முன்சீப் கோர்ட்டில் வக்கீல்கள் டீ குடிக்கப் போவார்கள்.

டீ என்றால் வெறும் டீ இல்லை. வருடக் கடைசியில் ஒவ்வொரு கோர்ட்டும் மேலே ஓர் அறிக்கை அனுப்பியாக வேண்டும். வருடத் தொடக்கத்தில் எத்தனை வழக்கு நிலுவையில் இருந்தது, புதிதாக எத்தனை வந்தது, எத்தனை முடிந்தது, மிச்சம் எத்தனை, அந்த மிச்சத்திலும் பத்து வருடத்துக்கு மேற்பட்டவை எத்தனை என்று கட்டம் கட்டமாகக் கேட்டிருப்பார்கள். ஒரு நீதிபதி வருடம் முழுக்க எப்படி வேலை பார்த்தார் என்பதை மேலே இருப்பவர்கள் அந்தக் கட்டங்களை வைத்துத்தான் எடை போடுவார்கள். கடைசிக் கட்டம் பொல்லாதது. அதில் பூஜ்ஜியம் இருந்தால் பாராட்டு வரும். ஒன்று இருந்தாலும் ஏன் இருக்கிறது என்று கேட்டுத் தாள் வரும்.

அதற்கு வேலாங்கரைக்காரர்கள் கண்டுபிடித்த வழிதான் டீ. பழைய வழக்கு ஒன்று நகராமல் கிடந்தால், கோர்ட்டுத் தலைமை எழுத்தர் வாதியின் வக்கீலைப் பார்த்து, போய் ஒரு டீ குடித்துவிட்டு வாருங்களேன் என்பார். வக்கீல் போய்விடுவார். வழக்கைக் கூப்பிடுவார்கள், ஆள் இருக்காது, ஆஜரில்லாததால் தள்ளுபடி. கணக்கில் ஒன்று குறைந்துவிடும். ஜனவரியில் கோர்ட்டு திறந்ததும், அன்றைக்கு வாதிக்கு மஞ்சள் காமாலை என்று ஒரு மனுவைப் போட்டால், எதிர்த்தரப்பும் பெரிதாக ஆட்சேபிக்காது, வழக்கு மறுபடி உயிர் பெற்று உட்கார்ந்துகொள்ளும். அதென்ன காமாலை என்றால், காய்ச்சல் ஒரு நாளில் விட்டுவிடும், மாரடைப்புக்கு ஆஸ்பத்திரிச் சீட்டு கேட்பார்கள். காமாலைக்குக் கீழாநெல்லி தின்றேன் என்று சொன்னால் போதும். வேலாங்கரைக் கோர்ட்டுக் கட்டுகளை மட்டும் படிக்கிறவன், அந்தத் தாலுகாவில் டிசம்பர் தவறாமல் கொள்ளைநோய் வந்து போகிறது என்றுதான் நினைப்பான்.

வக்கீல் இசக்கிதுரை கோவில்பட்டியில் குடியிருந்துகொண்டு தினமும் வேலாங்கரைக்குக் காரில் வந்து போகிறவர். இந்த டீயை இருபது வருடமாகக் குடிப்பவர். கெட்டிக்கார வக்கீல்தான். ஆனால் யாரிடமும் முகத்தை முறித்துக்கொள்ளத் தெரியாது. நீதிபதிக்கும் நல்லவர், எழுத்தருக்கும் நல்லவர், கட்சிக்காரருக்கும் நல்லவர் என்று ஒரே நேரத்தில் எல்லாருக்கும் நல்லவராக இருந்துவிட முடியும் என்று நம்பியவர். அந்த நம்பிக்கையில் இத்தனை காலம் பெரிய சேதாரம் எதுவும் வந்ததில்லை.

அந்த வருடம் ஜூன் மாதம் சத்யபிரியா என்று ஒரு நீதிபதி வந்தார். சின்ன வயது, முதல் போஸ்டிங். சாயங்காலம் எல்லாரும் பஸ் ஏறிப் போன பிறகும் அவருடைய அறையில் லைட் எரியும். தூசி தட்டக்கூட ஆள் இல்லாமல் கிடந்த பழைய வழக்குகளை ஒவ்வொன்றாக எடுத்து விசாரித்துத் தீர்ப்பு எழுதினார். டிசம்பர் பாதிக்கு வரும்போது பத்து வருடத்துக்கு மேற்பட்டது என்று ஒரே ஒரு வழக்குதான் மிச்சம் இருந்தது. அது இசக்கிதுரையின் கட்சிக்காரி மீனாட்சியம்மாள் போட்ட வழக்கு.

மீனாட்சியம்மாள் ஆவாரங்காட்டுக்காரி. புருஷன் இல்லை, ஒரே மகளைச் சாத்தூரில் கட்டிக்கொடுத்துவிட்டாள். ஐந்து ஏக்கர் கரிசலில் உளுந்தும் மக்காச்சோளமும் போட்டுக்கொண்டு தனியாளாகப் பிழைப்பவள். அவளுடைய நிலத்துக்கும் தார்ரோட்டுக்கும் நடுவில் இன்னொருத்தர் நிலம். அதன் ஓரமாகச் சரள் அடித்த வண்டிப்பாதை ஒன்று தலைமுறை தலைமுறையாகக் கிடந்தது. அந்த நிலத்தைக் கோவில்பட்டியில் தீப்பெட்டி யூனிட் வைத்திருக்கும் செல்வகணேஷ் வாங்கினார். சுற்றியிருந்தவற்றையும் ஒவ்வொன்றாக வாங்கினார். சோலார் கம்பெனிக்கு மொத்தமாகக் குத்தகைக்கு விடுவதற்கு நடுவில் இவளுடைய ஐந்து ஏக்கர் உறுத்தியது. அவள் விற்க மாட்டேன் என்றாள். அவர் பாதையை அடைக்கப் பார்த்தார். அவள் கோர்ட்டுக்கு வந்தாள்.

கரிசலில் பாதை இல்லாவிட்டால் என்ன, வரப்பில் நடந்து போகலாமே என்று செம்மண்காரர்கள் கேட்பார்கள். கோடையில் போகலாம். மழை பெய்துவிட்டால் அந்த மண் வைத்த காலை விடாது. மனுஷனுக்கே அந்தப் பாடு என்றால் டிராக்டர் இறங்கினால் பொழுது சாய இன்னொரு டிராக்டரைக் கொண்டுவந்து இழுக்க வேண்டியதுதான். பாதை போனால் நிலம் போனது போலத்தான்.

வழக்குப் போட்ட கையோடு, இசக்கிதுரையின் சீனியர் வாதாடி ஓர் இடைக்காலத் தடை வாங்கிக் கொடுத்தார். வழக்கு முடிகிறவரை பாதையில் யாரும் கை வைக்கக் கூடாது. அதன் பிறகு வழக்கு படுத்துவிட்டது. அளக்க வேண்டிய சர்வேயர் வரவில்லை. வந்தபோது மழை. மழை விட்டபோது அவருக்கு மாற்றல். நடுவில் ஒரு கிளை மனு மேல்கோர்ட்டுக்குப் போய் அங்கேயே வருடக்கணக்கில் தூங்கியது. சீனியர் காலமாகி, கட்டு இசக்கிதுரையிடம் வந்தது. வழக்கு இழுப்பதைப் பற்றி எல்லாரும் அலுத்துக்கொண்டார்கள், மீனாட்சியம்மாளைத் தவிர. அவளுக்கு வேண்டியது தீர்ப்பு இல்லை, பாதை. வழக்கு கிடக்கும்வரை பாதையும் கிடக்கும். வாய்தாவுக்கு வாய்தா வந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்துவிட்டு, அடுத்த தேதியைக் கேட்டுக்கொண்டு நிம்மதியாக ஊருக்குப் போவாள்.

கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு முந்தின வாரம் தலைமை எழுத்தர் எபநேசர் இசக்கிதுரையை வராந்தாவில் ஓரங்கட்டினார். எபநேசர் தங்கமான மனுஷன். யாரிடமும் காசு வாங்காதவர், எந்தக் கட்டையும் தொலைக்காதவர்.

“ஜட்ஜம்மா இருந்து இருந்து எல்லாத்தையும் முடிச்சிட்டாவ, அண்ணாச்சி. இது ஒண்ணுதான் நிக்குது. நீங்க ஒரு டீ குடிச்சிட்டு வந்தா பட்டியல் சுத்தமாயிரும்.”

அம்மாவுக்கு இது தெரியுமா என்று இசக்கிதுரை கேட்கவில்லை. எபநேசரும் சொல்லவில்லை. இந்த விஷயத்தில் கேட்கிற வழக்கமும் கிடையாது, சொல்லுகிற வழக்கமும் கிடையாது. அந்தக் கோர்ட்டில் இசக்கிதுரைக்கு வேறு வழக்குகள் நிறைய இருந்தன. சரி என்று தலையாட்டிவிட்டார்.

வழக்கு தள்ளுபடியானால் அதில் வாங்கிய தடையும் அந்த நிமிஷமே செத்துப்போகும். சட்டம் படிக்கிற பையன்களுக்குக்கூடத் தெரிந்த சங்கதி இது. இசக்கிதுரைக்குத் தெரியாமல் இருக்குமா? தெரியும். ஆனால் டிசம்பர் தள்ளுபடியை வேலாங்கரையில் யாருமே தள்ளுபடியாக நினைத்ததில்லை. அது அறிக்கைக்காகச் செய்கிற காரியம், ஜனவரியில் சரியாகிவிடும். அதனால் அதற்கு ஒரு விளைவு உண்டு என்பதே அவர் புத்தியில் ஏறவில்லை. செல்வகணேஷின் வக்கீல் மட்டும் அதை மறக்கவில்லை. அவர் கோவில்பட்டியிலிருந்து புதிதாக வர ஆரம்பித்தவர், இந்த டீ அவருக்குப் பழகியிருக்கவில்லை.

வாய்தா நாளன்று வர வேண்டாம் என்று இசக்கிதுரை மீனாட்சியம்மாளுக்கு முதல் நாளே போன் பண்ணிச் சொல்லியிருந்தார். அவள் வந்துவிட்டாள். உளுந்து முற்றிவிட்டது, சாக்கு வாங்க டவுனுக்கு வர வேண்டியிருந்தது, வாய்தா நாளும் அதுவுமாக டவுனுக்கு வந்துவிட்டுக் கோர்ட்டு வாசலை மிதிக்காமல் போக மனசு வரவில்லை என்றாள். கோர்ட்டுக்கு எதிரே டீக்கடையில் இசக்கிதுரை அவளைப் பார்த்துவிட்டு, கூப்பிட்டு பெஞ்சில் உட்காரவைத்து ஒரு டீ சொன்னார். புதுச் சாக்குக் கட்டைக் காலடியில் வைத்துக்கொண்டு அவள் கிளாஸை வாங்கினாள்.

ஒரு வாய் குடித்திருப்பாள். கோர்ட்டு வாசலில் டவாலிச் சேவகர் வந்து நின்று அவளுடைய பெயரைக் கூப்பிட்டார். ரோடு அகலம்தான் தூரம். மீனாட்சியம்மாள் கிளாஸை வைத்துவிட்டு எழுந்தாள்.

“இருங்கம்மா. டீயக் குடிங்க.”

“எம் பேரத்தான கூப்பிடுதாவ, வக்கீலய்யா.”

இசக்கிதுரை அவளிடம் மெதுவாக விளக்கினார். இது சும்மா கணக்குக்காகக் கூப்பிடுவது, போக வேண்டியதில்லை, ஜனவரியில் தான் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். அதற்குள் இரண்டாவது தடவை கூப்பிட்டார்கள். அவள் உட்காரவும் இல்லை, போகவும் இல்லை. மூன்றாவது தடவை கூப்பிடும்போது அவர் முகத்தைப் பார்த்தாள். இத்தனை வருடம் இந்த ஆள் சொன்னதைத்தான் கேட்டிருக்கிறோம் என்று நினைத்திருப்பாள் போல. உட்கார்ந்துவிட்டாள். டவாலி உள்ளே போனார்.

உள்ளே போய், இங்கேதான் இருக்கிறேன் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வந்தால் என்ன என்று சற்று நேரம் கழித்துக் கேட்டாள். இசக்கிதுரை சிரித்தார். டீக்குக் காசையும் அவரே கொடுத்தார்.

கிறிஸ்துமஸ் அன்று எபநேசர் வீட்டிலிருந்து கேக் வந்தது. அதற்கு இரண்டாம் நாள் காலையில் மீனாட்சியம்மாள் போன் பண்ணினாள். செல்வகணேஷ் ஆட்கள் ஜே.சி.பி.யைக் கொண்டுவந்து பாதையை வெட்டுகிறார்கள் என்றாள். சரளை அள்ளி லாரியில் ஏற்றிவிட்டு, பாதை இருந்த இடத்தில் ஆள் உயரத்துக்கு அகழி தோண்டுகிறார்களாம். பின்னாலேயே வேலிக்குக் கல்தூண்கள் இறங்கிக்கொண்டிருக்கின்றனவாம்.

அந்த நிமிஷத்தில்தான் இசக்கிதுரைக்கு எல்லாம் விளங்கியது. தடை உத்தரவை எடுத்துக்கொண்டு போலீஸ் ஸ்டேஷனுக்குப் போகச் சொன்னார். சொல்லும்போதே அது வீண் என்று அவருக்குத் தெரியும். சப்-இன்ஸ்பெக்டர் அவளை உட்காரவைத்து, உத்தரவை வாங்கிப் பார்த்து, கோர்ட்டு வேலை பார்க்கிற கான்ஸ்டபிளுக்குப் போன் போட்டு விசாரித்தார். அப்படி ஒரு வழக்கே இப்போது இல்லையே அம்மா என்று மரியாதையாகவே சொல்லி அனுப்பினார்.

அப்போதும் ஒரு வழி இருந்தது. மாவட்டத் தலைநகரில் விடுமுறைக்கால நீதிபதி ஒரு நாள் உட்காருவார். அங்கே போய் அவசரமாகப் புது மனுப் போட்டால் தோண்டுவதையாவது நிறுத்தலாம். ஆனால் பழைய வழக்கு எப்படித் தள்ளுபடியானது என்ற கேள்வி முதல் கேள்வியாக வரும். பதில் சொன்னால் எபநேசர் பெயர் வரும், சத்யபிரியா பெயர் வரும், அறிக்கை போகிற நேரத்தில் கோர்ட்டு சந்தி சிரிக்கும். இசக்கிதுரை வெள்ளைச் சட்டையை மாட்டி, பித்தானும் போட்டுவிட்டு, நாற்காலியில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு சட்டையைக் கழற்றிவிட்டு மீனாட்சியம்மாளுக்குப் போன் பண்ணி, கோர்ட்டு திறந்ததும் முதல் வேலையாகப் பார்த்துவிடலாம் என்றார். அவள் சரி என்றாள்.

உளுந்துச் செடியைப் பிடுங்கி நிலத்திலேயே அம்பாரமாகக் குவித்திருந்தாள். அடிக்கிற மிஷினோடு வந்த டிராக்டர் அகழியைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டது. தலைச்சுமையாகக் கொண்டுவர ஆள் தேடிக்கொண்டிருக்கும்போதே, வருடப் பிறப்புக்கு முந்தின நாள் மழை பிடித்தது. காலம் தப்பிய மழை, இரண்டு நாள் விடாமல் பெய்தது.

மழை விட்டதும் இசக்கிதுரை போய்ப் பார்த்தார். கார் ரோட்டிலேயே நின்றது. அகழியில் கலங்கலாகத் தண்ணீர் நின்றது. அதைச் சுற்றி அடுத்தவர் நிலம் வழியாகச் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, முழங்கால்வரை சேறோடு போய்ச் சேர்ந்தார். அம்பாரத்திலிருந்து ஊறின வாடை வந்தது. நெற்றுக்குள் இருந்தபடியே உளுந்து வெள்ளையாக முளைவிட்டிருந்தது. மீனாட்சியம்மாள் செடிகளைப் புரட்டிப் புரட்டிப் போட்டுக்கொண்டிருந்தாள். அவள் திட்டியிருந்தால் அவருக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். இவ்வளவு தூரம் சேற்றில் வந்திருக்கிறீர்களே என்று அவள் கால் கழுவத் தண்ணீர் கொடுத்தாள்.

கோர்ட்டு திறந்த அன்று அவள் ஆபீசுக்கு வந்தாள். மனு தயாராக இருந்தது. ஜூனியர் வாசித்துக் காட்டினான். மேற்படி தேதியில் மனுதாரர் மஞ்சள் காமாலையால் பாதிக்கப்பட்டு நாட்டு வைத்தியம் செய்துகொண்டிருந்தபடியால் என்று வரும்போது அவள் கையைக் காட்டி நிறுத்தினாள். தனக்கு ஒன்றும் வரவில்லையே என்றாள். எல்லாரும் இப்படித்தான் எழுதுவது, யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள் என்று இசக்கிதுரை சொன்னார். கையெழுத்துப் போட்டால் பாதை வந்துவிடுமா என்று கேட்டாள். வழக்கு வந்துவிடும், தடையும் வந்துவிடும், ஆனால் வெட்டின பாதையைத் திரும்பப் போடச் சொல்லித் தனியாக மனுப் போட வேண்டும், கோர்ட்டு நியமிக்கிற கமிஷனர் வந்து பார்க்க வேண்டும், சர்வேயர் அளக்க வேண்டும் என்று அவர் சொல்லிக்கொண்டே போனார். சர்வேயர் என்ற இடத்தில் அவருக்கே குரல் இறங்கிவிட்டது. எத்தனை நாளாகும் என்று அவள் கேட்கவில்லை. யோசித்துவிட்டு வருவதாகச் சொல்லிப் போய்விட்டாள்.

அறிக்கை போயிற்று. பத்து வருடத்துக்கு மேற்பட்டவை: இல்லை. மாவட்டத்திலேயே அப்படி எழுத முடிந்த முன்சீப் கோர்ட்டு அது ஒன்றுதானாம். பொங்கலுக்கு முன்னால் பாராட்டுக் கடிதம் வந்தது. வக்கீல் சங்கத்தில் சின்னதாக ஒரு கூட்டம் போட்டு, சால்வை போர்த்தி, கடலைமிட்டாய் கொடுத்தார்கள். சத்யபிரியா கூச்சப்பட்டார். வந்த நாளிலிருந்து உழைத்த உழைப்புக்கு அந்தப் பாராட்டில் முக்கால் பங்கு நியாயமானதுதான், அதைக் குறை சொல்ல முடியாது. சங்கத்தின் சார்பில் இசக்கிதுரை பேசினார். நாலே வார்த்தையில் முடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். ஏதோ அவசர வேலை என்று மற்றவர்கள் நினைத்தார்கள். அவருக்கு வெட்கமாக இருந்தது.

அன்று வீட்டுக்கு வந்து மனுவைக் கிழித்துப் போட்டுவிட்டு வேறு எழுதினார். இந்தத் தடவை வாதியின் பெயரில் இல்லை, தன் பெயரில். தவறு தன்னுடையது, கட்சிக்காரி தண்டனை அனுபவிக்கக் கூடாது என்று எழுதினார். எபநேசரையும் நீதிபதியையும் இழுக்காமல் எப்படிச் சொல்வது என்று வார்த்தை வார்த்தையாகப் பார்த்து எழுதியதில் இரண்டு நாள் போயிற்று. பிறகு அவளைக் கூப்பிட்டனுப்பினார்.

பொங்கல் கழிந்த மறுநாள் வந்தாள். புதுச் சேலை கட்டியிருந்தாள். மனுவை வாங்கிக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அவளே முழுவதும் வாசித்தாள். நன்றாக எழுதியிருக்கிறீர்கள் என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தாள். நிலத்தைச் செல்வகணேஷுக்கே பேசி முடித்துவிட்டாளாம். அவர் வீடு தேடி வந்து, பாதை இல்லாத நிலத்துக்கு வேறு யார் விலை கேட்பார்கள் அம்மா என்று தணிவாகத்தான் சொன்னாராம். நாளை மறுநாள் பத்திரப்பதிவு. வழக்கு மறுபடி எழுந்திருக்கக் கூடாது என்பது அவர் போட்ட ஒரே நிபந்தனை. மகள் சாத்தூருக்கு வந்துவிடச் சொல்கிறாள் என்றாள்.

இசக்கிதுரை மனுவை மடித்து வைத்தார். இரண்டு நாள் முன்னால் கூப்பிட்டிருந்தால் என்று ஆரம்பித்து, அதை முடிக்காமல் விட்டுவிட்டார்.

அவள் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து மேஜையில் வைத்தாள். தள்ளுபடி உத்தரவின் நகல். பத்திரம் எழுதுகிறவர் கேட்டாரென்று கோர்ட்டில் மனுக் கொடுத்து வாங்கியிருந்தாள். ஒன்றரை வரிதான் இருந்தது. வாதி மும்முறை அழைக்கப்பட்டார். ஆஜரில்லை. வழக்கு தள்ளுபடி செய்யப்படுகிறது. ஆஜரில்லை என்ற இடத்தில் விரலை வைத்தாள்.

“நெலம் போனது போவட்டும். நான் வரலன்னு போட்டிருக்குல்லா, அத மட்டும் மாத்திக் குடுங்க.”

அப்படி மாற்றுவதற்குச் சட்டத்தில் மனு எதுவும் இல்லை. வழக்கை எழுப்பினால்தான் அந்த வரி அழியும், வழக்கை எழுப்பக் கூடாது என்று அவளே கையெழுத்துப் போடப் போகிறாள். இதை அவர் அவளிடம் சொன்னார். சொல்லித்தான் ஆக வேண்டியிருந்தது. அவள் பொறுமையாகக் கேட்டாள். கோர்ட்டில் முடியாவிட்டால் நீங்களே எழுதிக் கொடுங்கள் என்றாள்.

“நான் எழுதுனா எங்கயும் செல்லாதும்மா.”

“செல்லணும்னு கேக்கல.”

அவர் தன் பெயர் அச்சடித்த தாள் ஒன்றை எடுத்தார். மேற்படி தேதியில் வாதி மீனாட்சியம்மாள் கோர்ட்டுக்கு வந்திருந்தார் என்றும், போகாமல் இருக்கச் சொன்னது அவருடைய வக்கீலாகிய தான் என்றும் எழுதி, கையெழுத்துப் போட்டு, முத்திரையும் குத்தினார். அவள் வாசித்துப் பார்த்துவிட்டுத் தாளை அவர் பக்கமே தள்ளினாள்.

“கூப்பிட்டது நம்ம ரெண்டு பேருக்கும் கேட்டுச்சு. அதையும் எழுதுங்க.”

இசக்கிதுரை கையெழுத்துக்கும் முத்திரைக்கும் கீழே இருந்த இடத்தில் அதையும் எழுதினார்.